மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே

தோட்டத்தில் நேரம் துரைக்குச் சொந்தம். விடியுமுன் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு, தொழிற்சாலைச் சங்கு, கொழுந்து நிறுக்கும் வேளை, தேத்தண்ணி வேளை, மலையிலிருந்து இறங்கும் வேளை என்று லயத்து மக்களின் பொழுதை ஒபிஸ்தான் வகுத்துக் கொடுக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் நமுனுகுல மலைச்சரிவில் வளர்ந்த அந்தப் பையனுக்கு அதற்குள் அடங்காத இன்னொரு கணக்கும் இருந்தது. ஸுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா. சூரியனைப் பார்த்து வரும் இந்த ஐந்து வேளைகளையும் எந்தத் துரையாலும் முன்னே பின்னே தள்ள முடியாது.

அந்தப் பையன் இன்று பண்டாரவளையில் ஓய்வுபெற்று வாழும் கணித ஆசிரியர். பரீட்சைக் காலம் நெருங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அவர் வீட்டுக்கு வருவார்கள். “சேர், என்ன துஆ ஓதினா படிச்சது மனசுல நிக்கும்?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. மூஸா நபி ஃபிர்அவ்னிடம் போகுமுன் நெஞ்சு விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் வேண்டிய துஆவை அவர் சொல்லிக் கொடுப்பார். அதே தாஹா அத்தியாயத்தில் வரும், அறிவை வளர்த்துத் தரக் கேட்கும் சிறு துஆவையும் சொல்லிக் கொடுப்பார். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, “மஃரிப் தொழுதிட்டு இஷா வரைக்கும் நீ எங்க இருக்கிற?” என்று கேட்பார். அவருடைய அக்கறை முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஊவாவில் முஸ்லிம்களின் தடம் தேயிலைக்கும் முந்தியது. கண்டி இராச்சிய காலத்திலேயே தவளம் மாடுகளின் முதுகில் உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு கரையோரத்திலிருந்து மலையேறிய வணிகர்கள் அவர்கள். கோப்பியும் பிறகு தேயிலையும் வந்து, 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டிய காலத்தில் தோட்டத்து வாசல்களிலும் கடைவீதிகளிலும் அவர்களுடைய கடைகள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்களும் மலாய்க் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அவை எல்லாமே ‘நானா கடை’. பையனின் வாப்பாவும் அப்படி ஒரு நானாதான். அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய், சம்பள நாள் வரைக்கும் கடன் எழுதிவைக்க ஒரு நீட்டுக் கொப்பி. கடைக்குப் பின்னால் ஒன்றரை அறையில் குடும்பம்.

அந்த ஒன்றரை அறையில் படிப்பதென்பது பெரும்பாடு. ஒரு குப்பி விளக்கைச் சுற்றிச் சமையல், தைப்பு, கணக்கு, குழந்தையின் அழுகை. லயத்துக் காம்பராக்களில் நிலைமை இன்னும் நெருக்கம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளின் வாசலில் நின்றுவிட்டது. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே, எண்பதுகளில் சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு, வீட்டில் அந்தப் பரீட்சை எழுதிய முதல் ஆள் தாங்களே. எப்படிப் படிப்பது, எப்போது படிப்பது, எங்கே உட்கார்ந்து படிப்பது என்று காட்டித்தர ஆளில்லை. புத்தகம் இருந்தது. படிக்க ஒரு மூலைதான் கிடைக்கவில்லை.

கடைவீதியின் கோடியில் ஒரு சின்னத் தக்கியா இருந்தது. ஜும்ஆ நடக்காது, ஐவேளைத் தொழுகை மட்டும். தகரக் கூரை, சீமெந்துத் தரை, கோரைப் பாய்கள். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் தக்கியாவைக் கவனிக்கும் லெப்பை வந்து பெற்றோமாக்ஸைத் தூக்கித் திண்ணையில் வைப்பார். ஸ்பிரிட் ஊற்றிச் சூடுகாட்டி, பம்ப் அடித்து, மென்டில் சிவந்து வெளுத்துச் சீறத் தொடங்கியதும் முகட்டுக் கொக்கியில் மாட்டுவார். கடைவீதியிலேயே நல்ல வெளிச்சம் அதுதான். தொழுகை முடிந்து பெரியவர்கள் கடைகளுக்குத் திரும்பிய பிறகும் இஷா வரை விளக்கை அணைக்க மாட்டார். அணைத்து மறுபடி ஏற்றினால் ஸ்பிரிட் வீண் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். பையன்கள் கொப்பிகளோடு அந்த விளக்கடியில் உட்கார ஆரம்பித்ததும், ஒருநாளும் அவர் “வீட்ட போங்க” என்று சொன்னதில்லை.

மலைநாட்டில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடும். மஃரிபிலிருந்து இஷாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். வருஷம் முழுக்க இது பெரிதாய் மாறுவதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதன் சௌகரியம் அது. கோடையில் இரவு பத்து மணிக்கு மேல் இஷா வரும் ஐரோப்பிய நாடுகளில் இப்படி ஒரு வழக்கம் வேரூன்றியிருக்க வழியில்லை. இங்கே இருட்டும் தொழுகையும் படிப்பும் ஒரே ஒழுங்கில் வந்தன. தொடக்கத்துக்கு ஒரு பாங்கு, முடிவுக்கு ஒரு பாங்கு. நடுவில் யாரும் பேசக் கூடாது என்பது லெப்பையின் சட்டம்.

வெளி விறாந்தையில் லயத்துப் பையன் ஒருவனும் இருப்பான். மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன், வகுப்புத் தோழன். அவன் தயங்கித் தயங்கி முதல் முறை வந்து நின்றபோது லெப்பை பாயின் ஒரு நுனியைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டார். “வெளிச்சம் எல்லாருக்கும்தான், தம்பி. இரி.” டிசம்பரில் பரீட்சை முடிகிற தறுவாயில் மார்கழி பிறந்துவிடும். அப்போது விடியற்காலையில் ஆர்மோனியமும் தாளமுமாக லயங்களைச் சுற்றிவரும் பஜனைக் கூட்டத்தில் அந்தத் தோழன் முன்னால் நடப்பான். ஸுபஹுத் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டே இவன் அந்தப் பாட்டைக் கேட்பான். இருவருக்குமே விடியலில் எழும்பும் பழக்கத்தைக் கொடுத்தது அவரவர் வணக்கம்தான்.

வுழூவைப் பற்றி ஆசிரியர் சொல்லும்போது குரலே மாறிவிடும். மழைக்காலத்தில் தக்கியாத் தொட்டியின் தண்ணீர் விரலைக் கடிக்கும். மணிக்கட்டு வரை கைகள், வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள், தலையில் ஈரக்கை, காதுகள், கடைசியில் கரண்டை வரை கால்கள். இந்த வரிசையைக் கவனித்துச் செய்து முடிக்கும்போது கடையில் வாப்பா போட்ட சத்தமும், பாடசாலையில் பட்ட அடியும், பஸ்ஸில் நடந்த சண்டையும் பின்னுக்குப் போய்விடும். தூக்கம் போகும் என்பது எல்லாரும் சொல்வது. தூக்கத்தைவிட அன்றைய நாளின் இரைச்சல் போவதுதான் முக்கியம் என்பது அவர் கண்ட அனுபவம். புத்தகத்தைத் திறக்குமுன் மனசுக்குள் ஒரு வாசல் வேண்டும். முகம் கழுவிய ஈரத்தோடு தொழுது எழும்பும் பிள்ளை அந்த வாசலைத் தாண்டித்தான் புத்தகத்துக்கு வருகிறது.

ஆனால் அவருக்குத் தொழுகை கற்றுக்கொடுத்த மிகப் பெரிய பாடம் வேறொன்று. கவனம் சிதறுவதைப் பற்றியது அது.

ஒரு நாளின் கடமையான தொழுகைகள் இரண்டு, நான்கு, நான்கு, மூன்று, நான்கு என்று பதினேழு ரக்அத்துகள். எண்ணிக்கையை மனசில் வைத்துக்கொண்டே ஓத வேண்டும், குனிய வேண்டும், ஸுஜூது செய்ய வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு நடுவில் கிரிக்கெட் நினைவு வரும், பசி வரும், நாளைய கணக்குப் பரீட்சை வரும். மூன்றா நான்கா என்று தடுமாற்றம் வரும். ஒருநாள் அப்படிக் குழம்பி, தொழுகையை விட்டுவிட்டு அழுகிற முகத்தோடு எழுந்து நின்ற ஒரு பையனை லெப்பை கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லாரும் கேட்கும்படிதான் பேசினார்.

“மகன், மறதி வரும். எனக்கும் வரும். அதுக்காக விட்டுட்டு ஓடப்படாது. மூணோ நாலோண்டு சந்தேகமா? மூணு நிச்சயம் தானே. மூணுலருந்து தொடங்கு. மிச்சத்தத் தொழு. ஸலாம் குடுக்க முந்தி ரெண்டு ஸஜ்தாச் செய். முடிஞ்சிது.”

ஷாஃபிஈ மத்ஹபில் மறதிக்குரிய ஸஜ்தா இப்படித்தான் அமைந்திருக்கிறது. சந்தேகத்தை விட்டு நிச்சயத்தைப் பிடி, அங்கிருந்து தொடர், கடைசியில் குறையை நிவர்த்தி செய். மனிதனின் மனம் அலையும் என்று மார்க்கமே முன்கூட்டி அறிந்து, அலைந்த மனம் திரும்பி வர ஒரு பாதையையும் வகுத்து வைத்திருக்கிறது. கவனம் சிதறாத பிள்ளை உலகத்தில் இல்லை. சிதறியதும் பதறுகிற பிள்ளையும், சிதறிய இடத்திலிருந்து அமைதியாய்த் திரும்பி வருகிற பிள்ளையும்தான் உண்டு. ஐந்து வேளை தொழுகிற பிள்ளை இந்தத் திரும்பி வருதலை ஒவ்வொரு நாளும் பழகுகிறது. மார்க்க அறிஞர்கள் உள்ளச்சம் என்று பேசுவதன் முதல் படி இதுதான் என்று அவர் நம்புகிறார்.

சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் அவருக்கு அது கைகொடுத்தது. கேத்திரகணித வினா ஒன்றில் நிறுவல் முழுவதும் தலையிலிருந்து போய்விட்டது. மண்டபத்தின் வெளியே மழை. பக்கத்து மேசைப் பையன் மேலதிகத் தாள் கேட்கிறான். இவனுடைய பேனை நின்றுவிட்டது. அப்போதுதான் நிச்சயத்திலிருந்து தொடங்கு என்ற குரல் கேட்டது. தரவை எழுதினான். உருவை வரைந்தான். சமமான கோணங்களை அடையாளமிட்டான். இவ்வளவும் நிச்சயம். மூன்றாவது வரி எழுதும்போது தேற்றம் தானாய் வந்தது. பிற்காலத்தில் ஆசிரியராகி, பதுளையிலும் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த காலமெல்லாம் அவர் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்த வாசகம் ‘தெரிந்ததிலிருந்து தொடங்கு’. அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் தானாகச் சொன்னதில்லை. கேட்ட பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய தாத்தாவின் கதை வேறு. (இலங்கை முஸ்லிம்களிடையே தாத்தா என்றால் அக்கா.) அவள் தக்கியாவுக்குப் போக முடியாது. பள்ளிக்குப் போய் வந்ததும் தண்ணீர் எடுக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், சின்னதுகளைக் குளிப்பாட்ட வேண்டும், கடையில் ஆள் இல்லாவிட்டால் சாமான் கட்டிக் கொடுக்கவும் வேண்டும். வீட்டில் யாருக்கு எது தேவை என்றாலும் கூப்பிடப்படும் பெயர் அவளுடையது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அரிசி மூடைகளுக்குப் பக்கத்தில் விரித்த தொழுகைப் பாய். வாப்பா வாயெடுத்தாலும் உம்மா தடுப்பா: “தொழுற புள்ளயக் கூப்பிடாதீங்க.”

அவள் அதைப் புரிந்துகொண்டாள். மஃரிப் தொழுது ஸலாம் கொடுத்த பிறகும் பாயை மடிக்க மாட்டாள். தஸ்பீஹ் ஓதி, துஆக் கேட்டு, பாயின் தலைமாட்டில் வைத்திருந்த விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து அப்படியே திறப்பாள். தொழுகைக்காகச் சுற்றிய வெள்ளைத் துணி தலையில் இருக்கும் வரை அவளுக்கு ஒரு காவல். சின்னத் தம்பி ஓடிவந்தால், “தாத்தா இன்னும் பாயிலதான்” என்று உம்மா அவனை இழுத்துக்கொள்வா. அந்தத் தாய்க்கு நடப்பது தெரிந்தே இருந்தது. தொழுகை இல்லாத நாட்களிலும் அந்த நேரம் மகளுக்கே கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவ அவதான். எழுத்துக் கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண், மகளுக்கு ஒரு படிப்பறையைக் கட்டிக்கொடுத்தது இப்படி. அந்த மகள் ஆசிரியர் கலாசாலைக்குப் போய், பயிற்றப்பட்ட ஆசிரியையாக ஊவாவுக்கே திரும்பி வந்தாள். தம்பியார் தக்கியாவில் படித்ததைச் சொன்னால் அவ சிரித்துக்கொண்டே, “உங்களுக்குப் பெற்றோமாக்ஸ் வெளிச்சம் இருந்திச்சு. எனக்குப் பாய் மட்டும்தான்” என்று இன்றைக்கும் சொல்லுவா.

குர்ஆன் மத்ரஸாவில் பாடமிட்ட பழக்கமும் இவர்களுக்கு உதவியிருக்கிறது. புதுப் பாடத்தை ஓதிக் காட்டுமுன் பழைய பாடத்தைத் திருப்பி ஓத வேண்டும் என்பது ஓதிக்கொடுப்பவர்கள் காலங்காலமாய்ப் பிடித்துவரும் முறை. இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்காததை மூளை விரைவில் உதிர்த்துவிடும் என்று ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் எழுதியது உளவியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. முப்பது ஜுஸ்உகளையும் மனனமிடும் ஹாபிழ்கள் அதைத் தங்கள் அன்றாட ஓதலில் அனுபவித்து அறிந்தவர்கள்.

தொழும்போது உடலில் என்ன நடக்கிறது என்று மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 30 ஆரோக்கியமான முஸ்லிம் ஆண்களின் மூளை அலைகளும் இதயத் துடிப்பும் தொழுகையின்போது பதியப்பட்டன. இளைப்பாறலோடு தொடர்புள்ள ஆல்ஃபா அலைகள் தலையின் பின்புறப் பகுதிகளில் கூடியிருந்தன. உடலை அமைதிப்படுத்தும் நரம்புத் தொகுதியின் செயற்பாடும் உயர்ந்திருந்தது. சின்ன ஆய்வுதான், பரீட்சைப் புள்ளிகளை அது அளக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு ‘தொழுதால் ஒன்பது ஏ’ என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் ஆசிரியருக்குக் கவலை வரும். புள்ளி குறைந்த பிள்ளை தன் தொழுகையையே சந்தேகிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர் பயம். அப்படி நொந்த பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். மலேசியாவில் பெரிய பரீட்சைகளுக்கு முன் பாடசாலைகளே மாணவரையும் பெற்றோரையும் கூட்டி, தேவை நிறைவேறக் கேட்கும் ஹாஜத் தொழுகை நடத்துவது வழக்கம். பதுளை முதியங்கனை விகாரையில் பரீட்சைக்கு முன் வெள்ளைச் சீருடையோடு வந்து பூ வைக்கும் சிங்களப் பிள்ளைகளையும் அவர் மரியாதையோடு பார்ப்பவர். தன்னை மீறிய ஒன்றின் முன்னால் தலை தாழ்த்திவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குள் போகிற பிள்ளைக்குத் தோள் சுமை கொஞ்சம் குறையும் என்கிறார்.

லெப்பையிடமும் பரீட்சைப் பேனையை ஓதி ஊதித் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். பீங்கானில் எழுதிக் கரைத்த தண்ணீர் கேட்டும் வருவார்கள். அவர் யாரையும் விரட்டியதில்லை. ஆனால் பேனையைக் கையில் வாங்குமுன் பிள்ளையிடம் கையை நீட்டுவார்: “முதல்ல கொப்பியக் காட்டு.” கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்த பிறகே ஓதுவார். தமிழும் அரபும் தவிர வேறு எழுத்துத் தெரியாத மனிதர் அவர். கணக்குக் கொப்பியில் அவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுண்டு. எழுதிய பக்கமா எழுதாத பக்கமா என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

சாதாரண தரப் பரீட்சை வழக்கமாய் டிசம்பரில் வந்தது. கொரோனாக் காலத்துக்குப் பின் கால அட்டவணை முன்பின்னாகி, 2024க்கான பரீட்சை 2025 மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது. அது ரமழானின் பிற்பாதி. வழக்கமாக முஸ்லிம் பாடசாலைகள் விடுமுறை விடும் மாதத்தில் பிள்ளைகள் நோன்போடு பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் ஆசிரியரின் தொலைபேசி ஓயவில்லை. ஸஹருக்கு எழும்பி மறுபடி தூங்கலாமா, தராவீஹ் முழுக்கத் தொழ வேண்டுமா, தலை சுற்றினால் என்ன செய்வது. அவர் மவ்லவி இல்லை. மார்க்கச் சட்டத்தை மவ்லவிமாரிடம் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு ஆசிரியராகத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தராவீஹ் ஸுன்னத்தான தொழுகை. பரீட்சை இரவில் பிள்ளை வீட்டிலேயே சுருக்கித் தொழுதுவிட்டு நேரத்தோடு படுக்கட்டும். இரவு விழித்திருந்து ஸஹர் வரை படிக்க வைக்காதீர்கள். ஸஹருக்கு எழும்பிச் சாப்பிட்டு, ஸுபஹ் தொழுத கையோடு அன்றைய பாடத்தின் குறிப்பை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும். அந்த வேளையில் வீட்டில் தொலைக்காட்சியைப் போடாதீர்கள்.

இன்றைக்கு லயங்களில் மின்சாரம் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியும் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரம் இப்போது அந்தச் சின்னத் திரைக்குள் போய்க்கொண்டிருப்பதைத்தான் அவர் வருத்தத்தோடு பார்க்கிறார். தொழுகைக்கு உள்ளே போகும்போது தொலைபேசியை அணைத்துச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு, இஷா முடிந்த பிறகே எடுக்கும்படி தன்னிடம் வரும் பையன்களிடம் கேட்டுக்கொள்கிறார். சிலர் கேட்கிறார்கள். கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கும் பேராதனைக்கும் போயிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது அவருக்கு முகம் மலரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய கவலைதான் அவருக்குத் தீரவில்லை. கடைவீதிகளில் தக்கியாக்கள் இருந்த இடத்தில் இப்போது மாடிவைத்த பள்ளிவாசல்கள் எழும்பியிருக்கின்றன. மேல்மாடி பெரும்பாலும் வெள்ளிக்கிழமையும் பெருநாளும்தான் நிறைகிறது. மற்ற நாட்களில் கதவு சாத்தியிருக்கும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமாவது அந்த மாடியைத் தனி வாசலோடு பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், மஃரிப் ஜமாஅத்தில் தொழுதுவிட்டு இஷா வரை அங்கேயே இருந்து படிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர் கூட இருக்க முன்வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி அவருடைய தாத்தா. மின்கட்டணத்தைத் தான் கட்டுவதாக நிர்வாக சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.